நம்பர் ஒன் பேட்ஸ்மேன் வெச்சிருக்கிற பேட் ஒண்ணு குடுங்க

பேட் விக்கிறது கஷ்டமே இல்லைங்க. வாங்க வர்றவர் தானும் ஒரு இன்டர்நேஷனல் பிளேயர்னு நினைச்சுக்கிட்டு வர்றார் பாருங்க, அவரைச் சமாளிக்கிறதுதான் கஷ்டம். ஜவுளிக் கடையில நூறு புடவை விரிச்சு மடிக்கிறவங்க, செருப்புக் கடையில குனிஞ்சு நிமிர்றவங்க, உங்களுக்கெல்லாம் சொன்னா புரியும். நான் பெங்களூர் அல்சூர்ல ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில பதினேழு வருஷமா சேல்ஸ்மேன். கிரிக்கெட் கவுன்டர் என் பொறுப்பு. இன்னிக்கு உலகத்துல சிறந்த பேட்ஸ்மேன் யாருன்னு உங்களுக்குச் சந்தேகம் இருந்தா, என் கவுன்டர் முன்னாடி பத்து நிமிஷம் நில்லுங்க. பன்னிரண்டு பதில் கிடைக்கும்.

எனக்கு சுகர் இல்லை, பிரஷர் இல்லை. வாய் மட்டும்தான் இருக்கு. அதனாலதான் இவ்வளவும்.

லெஃப்ட் ஹேண்ட் பேட்

ஒருத்தர் வந்தார். காதுல ப்ளூடூத், விரல்ல சுத்துற கார் சாவி. "லெஃப்ட் ஹேண்ட் பேட் காட்டுங்க"ன்னார். "சார், பேட்டுல இடது வலது கிடையாது, எந்தப் பக்கம் நின்னு ஆடினாலும் இதே பேட்தான்"னு பதமாத்தான் சொன்னேன். மனுஷன் விடல. "இன்னிக்கு டாப்ல இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் லெஃப்ட்னு தெரியுமா? நம்ம ஓப்பனரே லெஃப்ட். அவங்கெல்லாம் எங்க வாங்குறாங்க?"ன்னு கேட்டார்.

இந்த இடத்துல நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். இருக்கலையே! "இருக்கு சார். ஆனா செட்டாத்தான் குடுப்போம். லெஃப்ட் ஹேண்ட் ஸ்டம்ப் மூணு, லெஃப்ட் ஹேண்ட் பால் ஒண்ணு சேத்து வாங்கணும்"னேன். அவர் நேரா கேஷ்ல இருந்த ஓனரம்மா கிட்ட போனார். "மேடம், ஸ்டாக் இல்லைன்னா இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க. எதுக்கு இப்படி சாக்கு சொல்றாரு?"

ஓனரம்மா போட்ட கண்டிஷன்

எங்க ஓனரம்மா பேரு எஸ்தர். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லாரையும் மன்னிச்சுடுவாங்க. திங்கட்கிழமை கடை திறந்தா ஒருத்தரையும் விடமாட்டாங்க. லெஃப்ட் ஹேண்ட்காரர் எதிர்க் கடைக்குள்ள நுழையிறதை கண்ணாடி வழியா பாத்துட்டு என்னைக் கூப்பிட்டாங்க.

பக்கத்துல ஜோகுபாளையத்துல வாடகை வீடு, மக பியூசி, அதான் பிளஸ் டூ, படிக்கிறா, நாப்பத்தாறு வயசுல வேற எவன் வேலை குடுப்பான்? கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். அவங்க சத்தமே போடல, அதுதான் பயமா இருந்தது. "சேகரு, இந்த மாசத்துல இது மூணாவது ஆளு. உன் வாயால இன்னும் ஒரே ஒரு கஸ்டமர் வெறுங்கையோட வெளிய போனா, நீயும் அவர் கூடவே போயிடு."

ஸ்டிக்கர்

மறுநாளே சோதனை. காலேஜ் பையன் ஒருத்தன் இருக்கிறதுலயே விலை குறைஞ்ச காஷ்மீர் வில்லோ மரத்து பேட் ஒண்ணு எடுத்தான். அது டென்னிஸ் பாலுக்கே அழும், லெதர் பால் பட்டா ரெண்டா போயிடும். அதுல ஸ்டிக்கர் ஒட்டித் தரணுமாம். இதெல்லாம் எங்க தொழில்ல சகஜம். பேட் யாரோ செய்வாங்க, ஸ்டிக்கர் வேற யாரோடதோ இருக்கும், பெரிய பெரிய ஆட்டக்காரங்க கதையும் அதுதான்னு சொல்லிக்குவாங்க. இவன் கேட்டது என்னன்னா, முன்பக்கம் நம்ம ஊர் ஸ்டார் ஒட்டுற ஸ்டிக்கர், பின்பக்கம் இங்கிலாந்துக்காரர் ஒட்டுற ஸ்டிக்கர்.

பின்பக்கத்தால நீ எப்படிப்பா அடிப்பேன்னு கேக்க நாக்கு துடிச்சுது. உதட்டைக் கடிச்சுக்கிட்டு, சிரிப்பை அடக்கிக்கிட்டு, ரெண்டு பக்கமும் ஒட்டினேன். முகத்துல என்ன தெரிஞ்சுதோ, அவனே விளக்கம் சொன்னான். "ரெண்டு பேர்ல ஒருத்தராவது ஃபார்ம்ல இருப்பாங்கல்ல அண்ணா?"

எண்ணெய்க் குளியல்

ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில ஒரு கம்பெனியில வேலை பாக்குறவர், கம்பெனி டீம் ஓப்பனர். நான்தான் அவருக்கு நல்ல இங்கிலீஷ் வில்லோ பேட் ஒண்ணு குடுத்திருந்தேன். புது பேட்டுக்கு லேசா எண்ணெய் தடவி, மரச் சுத்தியால பொறுமையா தட்டித் தட்டிப் பழக்கணும். அப்புறம்தான் மேட்ச்சுக்கு எடுக்கணும். இதையும் சொல்லித்தான் அனுப்பினேன். ரெண்டு வாரம் கழிச்சு பேட்டைத் தூக்க முடியாம தூக்கிட்டு வந்தார். கவுன்டர் மேல வெச்ச உடனே கண்ணாடி பூரா எண்ணெய். கை வெச்சா வழுக்குது.

பெரிய பேட்ஸ்மேன் ஒருத்தர் தன் பேட்டுக்கு தானே எண்ணெய் போடுற வீடியோவை பாத்தாராம். அவரே அவ்வளவு போட்டா நாம எவ்வளவு போடணும்னு கணக்குப் பண்ணி, பக்கெட்ல எண்ணெய் ஊத்தி, அஞ்சு நாள் பேட்டை ஊற வெச்சிருக்கார். ஊறுகாய் கூட அப்படி ஊறாதுங்க. மரம் எண்ணெயைக் குடிச்சு அடி மொத்தமும் உப்பிப் போச்சு. ஐயோ, அந்த வில்லோவைப் பாத்து எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனாலும், "வேற பேட் காட்டட்டுமா சார்?"னு மட்டும் கேட்டேன். வாங்கிக்கிட்டார். போகும்போது தோள்ல தட்டிச் சொன்னார்: "இந்தத் தடவை மூணு நாள் போதும்னு நினைக்கிறேன், என்ன சொல்றீங்க?"

சராசரி

சாஃப்ட்வேர் ஆளுங்க ரெண்டு பேர். ஒரே ஒரு பேட் வாங்க வந்தாங்க. உலகத்துல பெஸ்ட் யாருங்கிறதுல சண்டை ஆரம்பிச்சுது. ஒருத்தன், "டெஸ்ட்ல நின்னு ஆடுறவன்தான் மச்சா பேட்ஸ்மேன், நியூசிலாந்துக்காரனைப் பாரு"ங்கிறான். இன்னொருத்தன் கன்னடம் கலந்து, "சும்னே இரு குரு, முதல் பால்லயே சிக்ஸ் அடிக்கிறவன்தான் பேட்ஸ்மேன்"ங்கிறான். போன்ல சராசரி, ஸ்ட்ரைக் ரேட், வெளிநாட்டுல எத்தனை, உள்ளூர்ல எத்தனை... நான் எடுத்து வெச்ச ஒன்பது பேட்டும் கவுன்டர்ல அனாதையா கிடக்குது. கடைசியில, நீங்க எத்தனாவது இறங்குவீங்கன்னு மட்டும் மரியாதையா கேட்டேன். "நான் ஸ்கோரர், இவன் பன்னிரண்டாவது ஆளு"ன்னான் ஒருத்தன். அப்புறம் சண்டை போட்டுக்கிட்டே வெளிய போயிட்டாங்க, பேட் வாங்காமலே.

நான் திரும்பி ஓனரம்மாவைப் பாத்தேன். சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல மேடம், நீங்களே சாட்சின்னேன். அவங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. "வாய் பேசல சரி. உன் மூஞ்சி பேசுச்சே, அதை நான் எந்தக் கணக்குல சேக்குறது? இதை விட்டுடுறேன், இன்னொண்ணு வேணாம்."

முதல் இடத்தில் இருப்பவர்

அடுத்த சனிக்கிழமை ஒரு அப்பா, பத்து வயசுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்தார். "இப்போ ரேங்கிங்ல நம்பர் ஒன் பேட்ஸ்மேன் வெச்சிருக்கிற மாதிரி பேட் குடுங்க. அதே சைஸ், அதே வெயிட். இவ அவரை மாதிரி வரணும்"னார். பெரியவங்க ஆடுற பேட், இருக்கிறதுலயே கனமானது, அதையே கை காட்டினார். நாங்க ஒரு சோதனை வெச்சிருக்கோம்: பிடியில மேல இருக்கிற கை ஒண்ணால மட்டும் பேட்டைப் பிடிச்சு நேரா நீட்டணும். பாப்பா நீட்டுச்சு. ரெண்டு விநாடி கூட நிக்கல, பேட் தரையில டொக்குன்னு விழுந்துது. "பழகினா சரியாயிடும், பில் போடுங்க"ன்னார் அப்பா.

பேட்டை எடுத்துக்கிட்டு கேஷ் பக்கம் நாலு அடி வெச்சேன். ஓனரம்மா என்னையே பாக்குறாங்க. மக ஃபீஸ், வீட்டு வாடகை எல்லாம் கண்ணு முன்னாடி வந்துது. ஆனா மனசு கேக்கலைங்க. திரும்பிட்டேன். "சார், இதைக் குடுத்தா ஒரே மாசத்துல குழந்தை மணிக்கட்டு போயிடும். உங்க நம்பர் ஒன் என்ன, பொறக்கும்போதே ஆறடியா பொறந்தாரா? அவரும் சின்ன பேட்லதான் ஆரம்பிச்சிருப்பார்"னேன். அவருக்கு மூஞ்சி செவந்துடுச்சு. "எனக்கே கிரிக்கெட் சொல்லித் தர்றியா?"ன்னார். நானும் விடல. வேலைதான் போயிடுச்சே, இனிமே என்ன! பாப்பா உயரத்துக்குச் சரியான சைஸ் அஞ்சு பேட்டை எடுத்து, பிடி எப்படி, எடை எப்படி, கவர் டிரைவ் எப்படின்னு அஞ்சு நிமிஷம் லெக்சர் அடிச்சேன். அவரும் பதிலுக்கு அடிச்சார்.

நடுவுல அந்தப் பாப்பா என் சட்டையைப் பிடிச்சு இழுத்துச்சு. "அங்கிள், எனக்கு பேட் வேணாம். நான் பௌலர். லெக் ஸ்பின் போடுவேன். ஒரு பால் குடுங்க." "பௌலிங் போட்டு யாரு பெரிய ஆளா வந்தா? நட"ன்னு அப்பா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டார். அந்தப் பொண்ணு கண்ணாடிப் பெட்டியில இருந்த பாலைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போச்சு. எனக்கு ரொம்ப வெக்கமாப் போச்சு.

நானே போய் ஓனரம்மா முன்னாடி நின்னேன், கிளம்பட்டுமா மேடம்னு. அவங்க கேஷ் டிராயரைச் சாத்திட்டு நிமிர்ந்தாங்க. "கஸ்டமர் உன் வாயால போகல, அந்தப் பொண்ணு வாயால போனாங்க. அதனால நாளைக்கு வா. ஆனா சேகரு, இவ்வளவு பேசினியே, உனக்கு என்னம்மா வேணும்னு அந்தக் குழந்தையை ஒரு வார்த்தை கேட்டியா?"

ஆக, உலகத்துல இன்னிக்கு சிறந்த பேட்ஸ்மேன் யாருங்கிறதுக்கு நம்ம ஊர்ல ஆளாளுக்கு ஒரு பதில் வெச்சிருக்கோம். அவனுக்குப் பந்து போடப் போறது யாருன்னு கேக்கத்தான் ஒரு ஆளில்லை, பதினேழு வருஷம் கவுன்டர்ல நின்ன நான் உள்பட.