நண்டு ஏற்றிய லான்சர்

துளசிங்கத்தை ஓர் இடத்தில் உட்காரவைத்து ஒரு டீயை முழுதாகக் குடிக்கவைப்பவருக்கு ஒரு கிலோ நண்டு சும்மா தருகிறேன் என்று பழவேற்காடு கடைத்தெருவில் பல தடவை சொல்லியிருக்கிறேன். இன்றுவரை யாரும் வாங்கிப் போகவில்லை. நின்றபடியே குடிப்பான், பாதி கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவான். ஏரிக்கரையில் தோணிரேவு கிராமத்துக்காரன், நாற்பத்து நாலு வயது, ஏரியில் வலை இழுத்து வளர்ந்தவன். நான் அர்ஷத், நண்டு வியாபாரி. ஏரியில் பிடிபடும் சேற்று நண்டைக் காலையில் வாங்கி, கொடுக்கைக் கயிற்றால் கட்டி, மாதவரம் பக்கத்து ஏற்றுமதிக் கம்பெனிக்கு உயிரோடு அனுப்புவது என் தொழில். எட்டு வருஷமாக அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் துளசிங்கம்.

உயிருள்ள நண்டுக்குத்தான் விலை. செத்த நண்டைப் பூனைக்குப் போடலாம், கம்பெனி தொடாது. அங்கே காலை ஒன்பது மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள், அதன் பிறகு வரும் கூடையை விமானத்துக்குக் கட்டமாட்டார்கள். ஏரியிலிருந்து கடைசி நண்டு என் கைக்கு வரும்போது மணி ஏழரை. நடுவில் ஒன்றரை மணி நேரம், வழியெல்லாம் கன்டெய்னர் லாரி. வேன்காரர்கள் ஆறரைக்கே கிளம்ப வேண்டும் என்பார்கள், கிளம்பினால் பாதி நண்டு இங்கேயே தங்கிவிடும். துளசிங்கம் ஏழரைக்குக் கிளம்பி எட்டே முக்காலுக்கு அங்கே நிற்பான். எப்படி என்று நான் கேட்டதில்லை. கேட்டால் தூக்கம் போய்விடும்.

வண்டி அப்படிப்பட்ட வண்டி. லான்சர் செடியா என்ற கார், வெள்ளை நிறம். அந்தக் காலத்தில் சென்னையில் ரேஸ் பைத்தியம் பிடித்த ஒரு முதலாளியிடம் இவன் டிரைவராக இருந்தான். அவர் குடும்பத்தோடு வெளிநாடு போகும்போது, ஓர் ஆட்டோ விலைக்கு இவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். இவன் பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நண்டுக் கூடை அடுக்கினான். நம்ம திருவள்ளூர் பக்கமே செய்த வண்டி, நம்ம ஜில்லாக்காரன் என்று அதைப் பற்றிப் பெருமை பேசுவான். ஜில்லாக்காரனைச் செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது என்பதை மட்டும் சொல்லமாட்டான்.

போன சித்திரையில் வண்டி படுத்தது. இன்ஜினுக்கு மூளை மாதிரி ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறதாம், அது போய்விட்டது. மீஞ்சூர் மெக்கானிக் மாசிலாமணி அதைத் திறந்து காட்டினார். உள்ளே உப்புப் பூத்து, செம்பெல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தது. ஏரியையே உள்ளே விட்டிருக்கிறாயே என்று மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டார். தப்பு இவனுடையதுதான். பின்னால் இடம் போதாமல் தினமும் ஒரு கூடையை, அந்தப் பெட்டி இருக்கிற முன் சீட்டின் காலடியில் வைப்பான். நண்டு வாடாமலிருக்க அதன்மேல் ஏரித் தண்ணீரில் நனைத்த சாக்கு. தோணியில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் உள்ளே வருவது ஒரு விஷயமே இல்லை, இறைத்துக் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். கார் தோணி இல்லை என்று யார் அவனுக்குச் சொல்வது?

அன்று தொடங்கியது அலைச்சல். புதுப்பேட்டையில் மூன்று நாள் பழைய கார் சாமான் விற்கும் கடை கடையாக ஏறி இறங்கினான். ஒருவன் கொடுத்த பெட்டி வேறு மாடலுடையது, மாட்டியதும் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. கோயம்புத்தூரில் ஒன்று இருக்கிறது என்று கேட்டு ராத்திரி ரயிலேறினான், போய்ச் சேர்வதற்குள் அதை வேறொருவன் தூக்கிக்கொண்டு போயிருந்தான். போனில் படம் காட்டி முன்பணம் வாங்கிய இன்னொருவன் அப்புறம் போனையே எடுக்கவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று இருப்பவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமா? அவன் மனைவி அமுதவல்லி என் கடைக்கு வந்து ஒரு பாட்டம் புலம்பினாள். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறானாம். "கல்யாணம் ஆன புதுசுல என்னைக்கூட இப்டி சுத்தி வந்ததில்ல பாய்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கண் சிரிக்கவில்லை.

எனக்கும் நெருப்பு வைத்த மாதிரிதான் இருந்தது. கிடைத்த வேனில் ஏற்றிப் பாதி நண்டைச் சாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வருகிற திங்கட்கிழமைக்குள் ஒழுங்காக ஒரு வண்டி பேசாவிட்டால் வேறு வியாபாரியைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பொன்னேரி வேன்காரர் ஒருவர் தயாராக இருந்தார். துளசிங்கத்திடம் மூடி மறைக்காமல் சொன்னேன்: திங்கட்கிழமை உன் வண்டி வந்தால் ஓட்டம் உனக்கு, வராவிட்டால் வேனுக்கு. ஓட்டம் போனால் அவனுக்கு மீஞ்சூர் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைதான். ஒரு தடவை ஆறு மாதம் போனான், ஒரே இடத்தில் நின்று பெட்டி அடுக்குகிற வேலை. பைத்தியம் பிடித்துவிடும் என்று ஓடி வந்துவிட்டான்.

அப்போதுதான் மாசிலாமணிக்கு ஒரு சிவப்பு லான்சர் ஞாபகம் வந்தது. திருப்பாலைவனத்தில் ஆதிகேசவன் என்பவர் வீட்டில் நிற்கிறதாம், கியர் பெட்டி உடைந்து இரண்டு வருஷமாக. பேருந்து ஏறினால் அரை மணி நேரம். இவன் கோயம்புத்தூர் வரைக்கும் போய்விட்டு வந்தான்!

ஆதிகேசவன் நெல் விவசாயி, ஐம்பத்தைந்து வயது. ஆசைக்கு வாங்கிய வண்டி அது. ஓடாத வண்டியை வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவி, பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறவர். அவர் வண்டியில் மூளை நன்றாக இருந்தது, கியர் பெட்டி இல்லை. துளசிங்கம் வண்டியில் கியர் பெட்டி நன்றாக இருந்தது, மூளை இல்லை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். உன் பெட்டியைக் கொடு என்று இவன் கேட்டான், உன் கியரைக் கொடு என்று அவர் கேட்டார். இரண்டு பேரும் மாட்டேன் என்றார்கள். இரண்டு நாள் இப்படியே போனில் கெஞ்சுவதும் கொஞ்சுவதுமாகப் போனது. புதன்கிழமை நானே கூடப் போய், இரண்டு பிணத்தை வைத்துக்கொண்டு என்னய்யா பேரம் என்று கத்திவிட்டேன்.

துளசிங்கம்தான் வழி சொன்னான். "சீட்டு போட்டுடலாம்ணா. சாமி யாருக்குக் குடுக்குதோ குடுக்கட்டும்."

ஆதிகேசவன் யோசித்துப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். என் பில் புத்தகத்தில் தாளைக் கிழித்து இரண்டு பேருடைய பெயரையும் எழுதி, மடித்துக் குலுக்கி, அவர் மனைவியை எடுக்கச் சொன்னேன். ஆதிகேசவன் பேர் வந்தது. துளசிங்கம் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவனோ, "சரி, மொதல்ல அண்ணனுது" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனர் எடுக்கப் போய்விட்டான்.

மூன்று நாள் மாசிலாமணியோடு தன் வண்டிக்கு அடியில் படுத்து, தன் கையாலேயே கியர் பெட்டியைக் கழற்றி, திருப்பாலைவனம் கொண்டுபோய் அந்தச் சிவப்பு வண்டியில் பூட்டிக் கொடுத்தான். என்ன மனசுடா இது என்று நினைத்தேன். கொஞ்சம் கோபமும் வந்தது. தோற்றவன் தோற்றவன் மாதிரி இருக்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை ஆதிகேசவன் மனைவியை ஏற்றிக்கொண்டு பழவேற்காடு வரை வந்து, என் கடைக்கு எதிரே ஒரு உறுமு உறுமிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வேன்காரரைக் கூப்பிடப் போனை எடுத்தேன். ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினான் துளசிங்கம். இருக்கிற கூடைகளை ஆட்டோவில் ஏற்று, திருப்பாலைவனத்தில் காருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றான். எதற்கு என்று கேட்டேன்.

"இன்னிக்கு என் நாளு பாய்."

போனை வைத்துவிட்டு, கூடைகளோடு நானும் ஆட்டோவில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. ஏரியில் நல்ல இடம் கொஞ்சம், வலை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதனால் மீனவர்கள் சீட்டுப் போடுவார்கள், பாடு என்பார்கள். ஆனால் அந்தச் சீட்டு யார் ஜெயித்தது என்று சொல்வதற்கில்லை. முதல் நாள் யார், அடுத்த நாள் யார் என்று வரிசை சொல்வதற்கு. முறை எல்லாருக்கும் வரும். பழவேற்காட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் நான் வியாபாரி. சீட்டு என்றதும் ஒருவனுக்குக் கிடைக்கும், இன்னொருவன் வீட்டுக்குப் போவான் என்றுதான் என் புத்தி போனது. நெல் விவசாயிக்கு எப்படித் தெரியும்? துளசிங்கத்துக்கோ வேறு மாதிரி ஒரு சீட்டு உலகத்தில் இருக்கும் என்பதே தெரியாது.

ஆதிகேசவன் கேட்டுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டார். பிறகு சீட்டு எனக்குத்தானே விழுந்தது என்றார். ஆமாம், அதனால்தான் நேற்று நீங்கள் ஓட்டினீர்கள் என்றான் இவன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஏமாற்ற வந்திருக்கிறாயா என்று கேட்டுவிட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

துளசிங்கம் சண்டைக்குப் போகவில்லை. கேட்டுக்கு எதிரே நின்றான். அவன் நாள், அதனால் நின்றான். நான்தான் ரோட்டுக்கும் கேட்டுக்குமாக நடந்தேன், கூடையைத் தொட்டுப் பார்த்தேன், மணி பார்த்தேன். ஏழரை ஆனது. எட்டு ஆனது. வெயில் ஏறியது. எட்டரைக்கு அவன் கண் முன்னாலேயே பொன்னேரி வேன்காரருக்குப் போன் போட்டு, நாளையிலிருந்து ஓட்டம் உங்களுக்கு என்றேன். கம்பெனிக்கும் சொன்னேன். எனக்கு வேறு வழி இருந்திருக்கலாம், அந்த நேரம் தோன்றவில்லை. அவன் கேட்டுக்கொண்டுதான் நின்றான், என் பக்கம் திரும்பவில்லை.

பத்தரைக்கு ஆதிகேசவன் வெளியே வந்தார். உள்ளே மனைவியிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாரோ, குரல் இறங்கியிருந்தது. "உங்க ஊர்ல தோத்தவன் மறுநாள் வந்து கேட்டா குடுத்துடுவாங்களா?"

"இதுல தோக்கறது இன்னாண்ணா கீது?" என்றான் துளசிங்கம். "முன்ன பின்ன, அவ்ளோதான். சீட்டுப் போட்டுட்டு ஒருத்தன் புள்ளைங்கள பட்டினி போடுவாங்களா?"

அவர் சாவியை நீட்டினார். இவன் வாங்கவில்லை. மணி தாண்டிவிட்டது, கூடையில் பாதி செத்துவிட்டது, இனி இன்றைக்கு வண்டி எதற்கு என்றான். நாளைக்கு உங்கள் நாள், புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டான். ஆதிகேசவன் சாவியை நீட்டிய கையோடு நின்றார். நானும்தான் நின்றேன். வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வேன் வந்தது, ஏற்றி அனுப்பினேன். மனசு கேட்கவில்லை. சாயங்காலம் வேன்காரரைக் கூப்பிட்டு, ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் இன்னொருவர் என்றேன். முறை வைத்து ஓட்ட இது என்ன ஏரிப் பாடா என்று கத்தினார். மாதம் முழுக்க என்றால் வருவேன், இல்லாவிட்டால் வரவே மாட்டேன் என்று வைத்துவிட்டார். புதன்கிழமை கூடைகளைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் வேறு வண்டி இல்லை. அவன் வருவானா, அவர் கொடுப்பாரா என்று தெரியவில்லை. ஏழே கால் வரைக்கும் வாசலைப் பார்த்தேன்.

சிவப்பு லான்சர் வந்து நின்றது. துளசிங்கம் இறங்கி, நேராகக் கூடைகளை ஏற்றத் தொடங்கினான். எனக்குத் தாங்கவில்லை. உனக்காக வேனை வேண்டாம் என்று சொன்னேன், உனக்காக வேன்காரரிடம் திட்டு வாங்கினேன், உனக்காகத்தான் இத்தனை நண்டையும் நிறுத்தி வைத்தேன் என்று கொட்டித் தீர்த்தேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லட்டுமே என்று இருந்தது.

கடைசிக் கூடையை இறுக்கிக் கட்டிவிட்டு அவன் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை, ஆச்சரியம்தான்.

"எனக்கோசரமா? இன்னா பாய் பேசற. இன்னிக்கு என் நாளு."

நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி கடைத்தெருவைத் தாண்டியிருந்தது.