சரோஜா அக்காவின் தூக்குவாளி

அரசியல்வாதிகளின் பெரிய வீடுகளைக் கிண்டலடித்து நான் ஒரு துப்பறியும் நாவல் எழுதினேன். புத்தூரில் எனக்குப் பழக்கமான கட்சிக்காரர் ஒருவரின் பங்களாதான் மனதில் இருந்தது. கதையில் தலைவரே மனைவியின் வைர அட்டிகையைத் திருடி, சமையல்காரம்மாவின் தூக்குவாளியில் சாம்பாருக்குள் போட்டு, அந்த அம்மாவுக்கே தெரியாமல் வெளியே கடத்துவார். அந்த வீட்டில் சமைக்கும் சரோஜா அக்கா, மிஞ்சிய சாம்பாரைத் தினமும் பாலக்கரையில் இருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துப்போவதைப் பார்த்துத்தான் அந்த யோசனையே வந்தது.

புத்தகம் வந்ததும் கட்சிக்காரர் கோபிப்பார் என்று பயந்தேன். அவரோ விருந்துக்குக் கூப்பிட்டு, எனக்குப் பொன்னாடை போர்த்தினார். “என்னையே திருடனாக்கிட்டீங்களே” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஸ்ரீரங்கம் திரும்பக் கிளம்பி வாசலுக்கு வந்தபோது, முன்னால் சரோஜா அக்கா போய்க்கொண்டிருந்தார். காவலாளி எதுவும் கேட்கவில்லை. அக்காவே நின்று, தூக்குவாளியைத் திறந்து, அதற்கென்றே கொண்டுவந்த கரண்டியால் சாம்பாரை அடிவரை கிளறிக் காட்டினார்.

“என்னக்கா இது?”

“உங்க புத்தகம் வந்ததுலேருந்து இப்படித்தாங்க. ஐயா சொல்லியிருக்காங்க.” மூடியை அழுத்தி மூடினார். “என் பொண்ணு படிச்சா. நல்லா சிரிப்பா இருக்குன்னு சொன்னா.”

என் கதையில் திருடியவர் ஐயாதான். அதைப் படித்துவிட்டு அவர் சோதனை போடச் சொன்னது இவரை. உள்ளே திரும்பிப் போய் அதை நான் சொல்லியிருக்க வேண்டும். பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.