காந்தம் அனுப்பியவள்

அவளுடைய முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சீனாவில் ஒரு காந்தத் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை செய்தவள். லண்டனில் எங்கள் அண்ணையின் சின்ன மோட்டார்ப் பட்டறைக்கு வருஷக்கணக்காகக் காந்தம் அனுப்பியவள். இப்போது அவள் எங்கே, என்ன பாடு படுகிறாள் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் என்னைப் போட்டுத் தின்கிறது.

பட்டறை என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துவிட வேண்டாம். மனோர் பார்க்கில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு பழைய ஷெட். அண்ணை ஜெர்மனியில் மோட்டார்த் தொழிற்சாலையில் பழகிய வேலையை இங்கே வந்து சொந்தமாகத் தொடங்கினார். படியேற முடியாத வயதானவர்களை உட்காரவைத்து மாடிக்குக் கொண்டுபோகும் நாற்காலி இருக்கிறதல்லவா, அதற்கு மோட்டார் செய்கிறோம். ஆறு பேருக்கு வேலை. சாமான் வாங்குவதும் சாமான் விற்பவர்களோடு சண்டை பிடிப்பதும் என் பொறுப்பு. இரண்டிலும் எனக்கு நல்ல பெயர் உண்டு.

மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் கட்டைவிரல் நகத்தளவுதான். சூடேறினாலும் பிடி விடாமலிருக்க அதில் ஒருவகை அரிய மண்ணைக் கலக்க வேண்டும். அந்த மண்ணைச் சுத்திகரிக்கும் வேலை அநேகமாக முழுவதும் சீனாவின் கையில். அவர்கள் மலிவாகத் தந்தார்கள், உலகம் ஓடி ஓடி வாங்கியது, மற்ற நாடுகளில் இருந்த ஆலைகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. நாங்களும் மலிவைப் பார்த்துத்தான் வாங்கினோம். அதில் எனக்கு ஒளிப்பு மறைப்பு இல்லை.

ஆரம்பத்தில் அவள் என்னை "டியர் மேடம்" என்றுதான் எழுதுவாள். ஒருமுறை பெட்டி உடைந்து, காந்தமெல்லாம் நொறுங்கி வந்து சேர்ந்தது. நான் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சி எழுதினேன். அவள் எதிர்த்து ஒரு சொல் சொல்லாமல் வேறு பெட்டி அனுப்பிவிட்டு, உங்கள் கோபம் தணிய நான் உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா என்று கூப்பிடு என்றேன், அதற்கு அர்த்தமும் சொன்னேன். அதிலிருந்து எல்லா மெசேஜும் அக்காவில்தான் தொடங்கும். நான் தங்கச்சி என்று எழுதுவேன். அவளுடைய மகளுக்குக் காய்ச்சல் என்றால் எனக்குத் தெரியும். முருகன் கோவில் தேருக்கு நான் என்ன நிறத்தில் சேலை கட்டினேன் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு அமெரிக்கா சீனச் சாமான்களுக்கு வரிமேல் வரி ஏற்றியது. பதிலுக்குச் சீனா, இந்த மண்ணும் இதில் செய்த காந்தமும் லைசென்ஸ் இல்லாமல் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்றது. சண்டை அவர்கள் இருவருக்கும். காந்தம் நின்றது எங்களுக்கு.

உலக வர்த்தகத்துக்கு விதியென்று ஒன்று இருக்கிறதே என்று நானும் தேடித் தேடி வாசித்தேன். முன்பு ஒருதரம் இதே மண்ணின் ஏற்றுமதிக்குச் சீனா அளவு வைத்தபோது, மற்ற நாடுகள் வழக்குப் போட்டு வென்றன, சீனாவும் அந்த அளவை எடுத்தது. இப்போது அந்த வர்த்தக மன்றில் மேன்முறையீடு கேட்பதற்கு நீதிபதிகளே இல்லை. புதியவர்களை நியமிக்க அமெரிக்கா விடவில்லை. அதோடு விதிக்குள்ளேயே ஒரு பின்வாசலும் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு அந்த வழியால் போகலாம். அமெரிக்காவும் அந்த வழியால் போனது, சீனாவும் அந்த வழியால் போனது. ஒருவருக்கு மற்றவர் சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி மாதிரி.

பாதுகாப்பு என்ற சொல்லை எங்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலத்தில் டோர்ச் பற்றரியும் மண்ணெண்ணெயும் சீமெந்தும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் நிறுத்தப்பட்டன. அண்ணை ஒருமுறை மாப்பொட்டலத்துக்குள் பற்றரிகளை ஒளித்துக் கொண்டுவந்து ராணுவச் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். யார் தந்தது என்று கேட்டு அடித்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. இப்போதும் பிறந்தநாள் விழாக்களில் இரண்டு கிளாஸ் உள்ளே போனால் அந்தக் கதை வெளியே வரும். "உயிர் போனாலும் போகட்டுமெண்டு நான் ஒருத்தரையும் காட்டிக் குடுக்கேல்லை" என்றுதான் முடிப்பார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் அது உண்மை.

லைசென்ஸுக்குத் தங்கச்சிதான் விண்ணப்பம் போட்டாள். காந்தம் எதற்கு, கடைசியில் யாரிடம் போகும், ஆயுதத்தில் பூட்ட மாட்டோம் என்று உறுதி, எல்லாம் கேட்டார்கள். நாற்காலியில் ஒரு கிழவர் மாடிக்குப் போகும் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். "அக்கா, எல்லாம் சரியாக இருக்கிறது. வரும். பொறுத்திருங்கள்" என்று எழுதினாள். பொறுத்தோம். சாமான் அடுக்கும் ராக்கையில் கடைசிப் பெட்டியும் முடிந்தது. ஆறு பேரில் மூன்று பேரை வீட்டில் நிற்கச் சொன்னோம்.

ஒருநாள் காலை அண்ணை என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, நான் ஒருக்கா சீனாவுக்கு நேரில போயிட்டு வாறன்."

"போய் என்ன செய்யப் போறியள்?"

"முகத்தைப் பாத்தா ஆருக்கும் மனம் இரங்கும். லைசென்ஸை ஒருக்கா உலுப்பி விட்டா வந்திடும்."

விசர்க் கதை என்றேன். ஆனாலும் தடுக்கவில்லை. போய்க் கதைத்துவிட்டு வருவார் என்றுதான் நினைத்தேன். வீட்டிலிருந்த பெரிய சூட்கேஸை ஏன் எடுத்துக்கொண்டு போகிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வந்தபோது ஹீத்ரோவில் இறங்கி நேரே ஷெட்டுக்குத்தான் வந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது.

"கொண்டு வரலாமெண்டு பாத்தன்" என்றார்.

"என்னத்தை?"

"காந்தத்தைத்தான்."

தங்கச்சியின் தொழிற்சாலை வாசலில் போய் நின்றிருக்கிறார். முதல்நாள் அவள் ஏலாது என்றுவிட்டாள். அடுத்த நாளும் போய், நான் அக்காவின் அண்ணன் என்று போனில் என் படத்தைக் காட்டியிருக்கிறார். வேலையில்லாமல் நிற்கும் மூன்று குடும்பங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவள் யோசித்து யோசித்து, யாரோ திருப்பி அனுப்பியிருந்த காந்தங்களில் கொஞ்சத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நான் பாசத்தில் சொல்லிக்கொடுத்த ஒரு சொல்லை இவர் கொண்டுபோய்ப் பூட்டுத் திறப்பு மாதிரிப் போட்டுத் திறந்திருக்கிறார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அங்கத்தை எயார்போட்டில பெட்டியைத் திறக்கச் சொல்லிப்போட்டாங்கள்" என்றார் அண்ணை. "நான் சொல்லுறது அவைக்கு விளங்கேல்லை, அவை சொல்லுறது எனக்கு விளங்கேல்லை. என்ன செய்யிறது? உன்ரை தங்கச்சிக்குப் போன் அடிச்சு, இவையோட ஒருக்கா கதையுங்கோ எண்டு அவையின்ரை கையில குடுத்தன்."

"காந்தம் தந்த ஆளையேயோ அவையோட கதைக்க விட்டியள்?" என்று கேட்டேன்.

இது எங்கள் ஆட்களின் பழக்கம். கவுன்சிலிலும் ஆஸ்பத்திரியிலும் பாஷை முட்டினால் மகளுக்கோ மருமகனுக்கோ போன் அடித்து அதிகாரியின் கையில் கொடுத்துவிடுவோம். அவர்கள் கதைத்துத் தீர்ப்பார்கள், நாங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டுவோம். லண்டனில் இத்தனை வருஷம் இருந்ததில் அண்ணைக்கு அந்தச் சுங்க மேசையும் ஒரு கவுன்சில் கவுண்டராகத்தான் தெரிந்திருக்கிறது. எது சோதனைச் சாவடி என்பது மறந்துபோய்விட்டது.

"நல்ல பிள்ளை. எனக்காண்டி நெடுநேரம் வடிவாக் கதைச்சவ" என்றார். அவள் கதைக்கக் கதைக்க அவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்களாம். கடைசியில் காந்தத்தைப் பறித்து, தண்டம் கட்டவைத்து, இவரை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

"தங்கச்சி, சுகமாக இருக்கிறாயா?" என்று அன்றைக்கே எழுதினேன். பதில் இல்லை. அடுத்த நாளும் எழுதினேன். மகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியதா என்று கேட்டேன். அவள் வாசித்ததற்கான அடையாளம்கூட வரவில்லை.

சில வாரங்கள் கழித்து லைசென்ஸ் வந்தது. அவள் ஒழுங்காகப் போட்ட அதே விண்ணப்பத்துக்கு. விமான நிலையத்தில் எழுதியது லைசென்ஸ் மேசைக்குப் போய்ச் சேரவில்லையோ என்னவோ. பெட்டியும் வந்தது. ஒன்றும் உடையவில்லை, முத்திரையெல்லாம் சரியாக இருந்தது. கூட வந்த மெயில் "டியர் மேடம்" என்று தொடங்கியது. கீழே வேறு பெயர்.

வழமையாக எங்களோடு தொடர்பில் இருப்பவர் எங்கே என்று அந்தப் புதிய ஆளிடம் கேட்டு எழுதினேன். பெயரையும் போட்டேன். மறுநாள் பதில் வந்தது. அப்படி ஒருவர் இங்கே வேலை செய்யவில்லை, அடுத்த ஓர்டர் எப்போது என்று கேட்டிருந்தார்கள்.

வீட்டில் நின்ற மூன்று பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். ஷெட்டில் மெஷின்கள் பழையபடி இரைந்தன. அண்ணை ஒரு மோட்டாரில் காந்தத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். மெயிலை வாசித்துக் காட்டினேன். அவர் கையை எடுக்கவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"நான் வேணுமெண்டு காட்டிக் குடுக்கேல்லை, பிள்ளை" என்றார்.

"அண்டைக்கு அடிச்சும் குடுக்கேல்லை, அண்ணை. இந்தமுறை அடிக்காமலே குடுத்திட்டியள்."

அதற்குப் பிறகு எந்தப் பிறந்தநாள் விழாவிலும் அவர் பற்றரிக் கதை சொன்னதில்லை.