சிவகரன் மாஸ்டரின் கொழுப்புக் குமிழி

வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். இரண்டுக்கும் நடுவே, தலையும் வாலுமாக, வாற்பேத்தைகளைப் போலக் குட்டிக் குட்டி உருவங்கள். வெளிவரிசையின் தலை வெளியே பார்க்கும், உள்வரிசையின் தலை உள்ளே பார்க்கும், வால்கள் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். சிவகரன் மாஸ்டர் இதை எங்கே வேண்டுமானாலும் வரைவார். கரும்பலகையில் வரைந்தால் சரி. புதுக்குடியிருப்புச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றால் குடை நுனியால் மண்ணில் வரைவார். என் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி சிந்திய மேசையில் விரலால் வரைவார். "ஐசே, மேசையைத் துடைக்கிறது ஆர்?" என்று நான் கத்தினாலும் கடைசி வாலைப் போடாமல் கையை எடுக்கமாட்டார்.

உயர்தர மாணவர்களுக்கு அவர் உயிரியல் படிப்பிக்கிறார், நான் கணிதம். அவருடைய வளவில் தகரம் அடித்த கொட்டிலில்தான் இருவருக்கும் வகுப்பு. வெயில் ஏறித் தகரம் படபடக்கத் தொடங்கினால் என் குரல் எனக்கே கேட்காது. அவர் குரல் மட்டும் கணீரென்று கேட்கும். தகரத்துக்கு மறுபக்கம் அவர்கள் வீட்டுக் குசினி. அங்கே அடுப்படியில் அவருடைய மனைவி சுமித்திரா இருப்பார். சுமித்திராவுக்கு ஈரலில் புற்றுநோய்.

"உடம்பிலை இருக்கிற ஒவ்வொரு கலத்தையும் சுத்திக் கொழுப்பாலை ஆன தோல் ஒண்டு இருக்கு. பரம்பரையலகை, அதுதான் மரபணுவை, சும்மா கொண்டுபோய்த் தட்டினால் அது கதவு திறக்காது பிள்ளையள். நான் கீறின இந்தக் கொழுப்புக் குமிழிக்குள்ளை வைச்சு அனுப்ப வேணும். தன்ரை ஆள்தானெண்டு நினைச்சுக் கலம் உள்ளை எடுக்கும். எடுத்திட்டால், 'பெருகினது காணும், இனிச் செத்துப்போ' எண்டு அந்தப் பரம்பரையலகு புற்றுநோய்க் கலத்துக்குச் சொல்லும்."

இந்த இடத்தில் மாஸ்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும், கலியாண வீட்டுக்காரரின் முகம்! பாடத்திட்டத்தில் இது இவ்வளவு தூரம் இல்லை, சோதனையிலும் வராது. நான் சொல்லிப் பார்த்தேன். "ஐசே, இந்தக் குமிழியளை இரத்த நாளத்திலை ஏத்தினால் கனக்க ஈரலுக்குத்தான் போய்ச் சேருது, தெரியுமோ?" என்றார் பதிலுக்கு. அதற்குப் பிறகு நான் பாடத்திட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சிவதர்சினி என்றொரு மாணவி ஒருநாள் கேட்டேவிட்டாள். "சேர், இது எங்கடை ஆஸ்பத்திரியளுக்கு எப்ப வரும்?"

அரைகுறைச் சரிக்கும் பிழை போடுகிற மனிதர் அவர், மழுப்பத் தெரியாது. ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எலியளிலை சரிவந்திருக்கு. வெளிநாடுகளிலை மனிசரிலையும் பரிசோதிச்சுப் பாக்கினம். உள்ளை போற குமிழியளிலையும் கனக்க, கலத்துக்குள்ளை ஒரு பையிலை பிடிபட்டு அழிஞ்சுபோகும். தப்பிறது கொஞ்சம். இஞ்சை வர... கன காலம் செல்லும்." திரும்பிப் பலகையை அழித்தார். அழித்து முடிந்த பிறகும் அழித்துக்கொண்டே நின்றார்.

வகுப்பில் இவ்வளவு கதைக்கிறவர் வீட்டுக்குள் போனால் ஊமை. யாழ்ப்பாணக் கிளினிக்குக்கு நானும் கூடப் போயிருந்தேன். இனி நோவுக்குக் குளிசை தரலாம், வேறு செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ் பளையைத் தாண்டியதும், "டொக்டர் என்னவாம்?" என்று சுமித்திரா கேட்டார். "புது மருந்து தந்திருக்கிறார்" என்றார் மாஸ்டர். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

போன கிழமை இளநீர் கொண்டு அங்கே போனேன். சுமித்திரா சாப்பிட்டதையெல்லாம் சத்தியெடுத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்திருந்தார். கண் இரண்டும் மஞ்சள். நான் போன நேரம் மாஸ்டர் குசினி அலுமாரியிலிருந்து நெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் அடி தெரிந்தது.

"இதை ஆர் சாப்பிட்டது? கொழுப்பு உமக்குக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லே?" அவர் மனைவியிடம் குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை.

"குளிசையை அதிலை தோய்ச்சுத்தான் விழுங்கிறனான்" என்றார் சுமித்திரா.

"விசரே உமக்கு? ஏன்?"

"நீங்கள்தானே பிள்ளையளுக்குச் சொன்னனீங்கள், கொழுப்புக்குள்ளை வைச்சால்தான் மருந்து உள்ளை போகுமெண்டு. எனக்கெண்டால் ஒண்டும் சொல்லமாட்டியள். நான் தகரத்திலை காதை வைச்சுக் கேட்டு விளங்கினனான். சத்தி வந்தால் வரட்டுமப்பா. மருந்து போகுதுதானே?"

அந்தக் குமிழி வேறு, இந்த நெய் வேறு, வாயால் போகிற கொழுப்பு வயிற்றில் சமித்துக் கரைந்துவிடும் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஆனால் சொன்னால், "அப்ப இந்த மருந்து என்னெண்டு உள்ளை போகும்?" என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் குளிசையில் நோவைக் குறைப்பதற்கு மேல் ஒன்றுமில்லை என்பதையும் சொல்ல வேண்டி வரும். சொல்லித் துலையுங்கோ மாஸ்டர் என்று மனதுக்குள் கத்தினேன். ஐயோ, சொல்லாதேயுங்கோ என்றும் கத்தினேன். கடவுள் என்று ஒருவர் இருந்தால் அந்த நேரம் அவரை நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

குளிசை எடுக்கிற நேரமாகியிருந்தது. சுமித்திரா போத்தலை வாங்கி, கரண்டியில் நெய்யை ஊற்றிக் குளிசையை அதற்குள் போட்டார். மாஸ்டர் கரண்டியைத் தன் கைக்கு வாங்கினார்.

"இவ்வளவு தேவையில்லை, சுமி."

விரலால் நெய்யை வழித்து இடுப்புச் சாரத்தில் துடைத்தார். மறுபடி வழித்தார், மறுபடி துடைத்தார். குளிசையில் ஒரு மினுக்கம் மட்டும் மிஞ்சியது.

"உவ்வளவு காணுமோ?" என்று சுமித்திரா கேட்டார்.

"காணும்" என்றார் மாஸ்டர்.

சுமித்திரா வாயைத் திறந்தார். ஒரு துளியும் சிந்திவிடக் கூடாதென்று மற்றக் கையை அவருடைய நாடிக்குக் கீழே ஏந்திக்கொண்டு, மாஸ்டர் கரண்டியை மெல்லக் கொண்டுபோனார்.