வாலைத் தூக்கிய டைனோசர்

போன கிழமை வெள்ளவத்தையில் ஒருவன் மதிலில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். வாளியிலிருந்து கோதுமை மாப் பசையின் புளித்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதே பசையில் நான் ஒரு டைனோசர் வால் செய்திருக்கிறேன்.

சண்டைக் காலம். கொட்டாஞ்சேனைப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தேன். அதாவது, முதல் நாள் வாசித்ததை மறுநாள் சொன்னேன். கண்காட்சிக்கு டைனோசர் செய்வோம் என்று வாயைக் கொடுத்தவனும் நான்தான். உடம்பு சித்திர மாஸ்டரின் பொறுப்பு. அவருக்கு என்னைக் கண்ணில் காட்டக்கூடாது.

"வாலை நிலத்தில போடும் ஐசே. படத்தில எல்லாம் கங்காரு மாதிரித்தான் நிக்குது."

"படம் பிழை மாஸ்டர். காலடித் தடம் கிடக்குது, வால் இழுபட்ட தடத்தைக் காணேல்லை. முன்னுக்குத் தலை, பின்னுக்கு வால், தராசு மாதிரி. வால் அந்தரத்திலதான் நிக்கும்."

"நீர் போய்ப் பாத்தனீரோ?"

"நீங்கள் பாத்தனீங்களோ?"

அதோடு பேச்சு முறிந்தது. வாலை நானே வெள்ளவத்தை அறையில் வைத்துச் செய்தேன். அந்தரத்தில் நிற்க வேண்டுமே, உள்ளே சுருள் சுருளாகக் கட்டுக்கம்பி. அந்த நாட்களில் பார்த்தால் குண்டு மாதிரி, கடதாசி சுற்றிய கம்பியோடு ஒரு தமிழன் ஆட்டோவில் ஏறலாமா என்று யோசிக்க, விஞ்ஞானம் படித்த மூளை போதவில்லை.

காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் வாலைக் கிழித்தான். "மொகத மே?" இது என்னவாம். "டைனோசர் மகத்தயா" என்று ஐயா போட்டுச் சொன்னேன். அவனும் மாஸ்டரின் கங்காருப் படங்களைப் பார்த்தவன்தான். டைனோசரின் வால் நிலத்தில்தானே கிடக்கும், கம்பி எதற்கு என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அங்கே நான். சிங்களம் எனக்கு விளங்கும்; வாயில் வராது. பாடசாலையிலிருந்து யாராவது வந்து சொல்லட்டும், இல்லாவிட்டால் பொலிசில் கொடுப்போம் என்றார்கள். அப்படிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

எதிர்க் கடைக்காரர் பாடசாலைக்குப் போன் எடுத்தார். அதிபர், நல்ல சிங்களம் தெரிந்த ஒரே ஆசிரியரை அனுப்பினார். சித்திர மாஸ்டர்!

மாஸ்டர் என்னைப் பார்க்கவேயில்லை. தலையை முன்னே நீட்டிப் பின்புறத்தைத் தூக்கி, நடுவீதியில் நாலடி நடந்து காட்டினார். தராசு என்றார், காலடித் தடம் என்றார். நான் சொன்ன அத்தனையும், என்னைவிடத் தெளிவாக. ஆமிக்காரன் சிரித்தான். என்னை விட்டான்.

பஸ் தரிப்பில் அவர் கையைப் பிடித்தேன். "மாஸ்டர், அப்ப ஒப்புக்கொள்ளுறீங்கள்?"

கையை உதறினார். "விசரே உமக்கு? உம்மை எடுக்கப் பொய் சொன்னனான். வால் நிலத்திலதான்."

கண்காட்சியில் டைனோசர் வாலை நிலத்தில் போட்டபடிதான் நின்றது. பிறகு நாங்கள் கதைக்கவில்லை.

சாவடி போய்விட்டது. மாஸ்டரும் கனடா போனார். நன்றி சொல்லி ஒரு கடிதம் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே வாலைப் பற்றிச் சண்டை வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன். போன வருடம் அவர் செத்துப்போனாராம். இனிக் கடிதம் போட விலாசமும் இல்லை.