தைரியம் சார் நீலமான கதை

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லக் கூடாது. அதைக் கேட்ட பிறகுதான் இது பயப்பட வேண்டிய விஷயம் என்றே பலருக்கு உறைக்கும். லிஃப்ட் பராமரிக்கும் அந்த நிறுவனத்தின் தொலைபேசி அறைக்கு வந்த முதல் மாதத்திலேயே அவர் இதைக் கற்றுக்கொண்டுவிட்டார். "தைரியமா இருங்க, நான் லைன்லதான் இருக்கேன்" என்பதுதான் அவருடைய வாசகம். அதைக் கேட்டுக் கேட்டு மெக்கானிக்குகள் அவருக்குத் தைரியம் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சம்பளப் பட்டியலில் இருந்த பெயர் காசாளரைத் தவிர யாருக்கும் நினைவில்லை.

இரண்டாம் மாடியின் கோடியில், கழிவறைக்குப் பக்கத்து அறை. ஒரு மேசை, இரண்டு தொலைபேசிகள், சுவரில் நகரத்தின் வரைபடம். நிறுவனம் பார்த்துக்கொள்ளும் கட்டடங்களுக்கெல்லாம் அதில் ஒரு குண்டூசி. எந்த லிஃப்டில் ஆபத்துப் பொத்தானை அழுத்தினாலும் மணி அந்த மேசையில்தான் அடிக்கும். விதிப்படி அவர் செய்ய வேண்டியவை மூன்று. எந்தக் கட்டடம், எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். "ஆள் வந்துட்டிருக்கார்" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். இந்த மூன்றாவதை மட்டும் பத்தொன்பது வருடமாக அவர் செய்யவே இல்லை. கதவு திறக்கும் சத்தம் காதில் விழும் வரை ரிசீவரை வைக்க மாட்டார்.

சின்னப் பிள்ளை என்றால் பொத்தான்களை எண்ணச் சொல்வார். எண்ணி முடித்தால் மேலிருந்து கீழே எண்ணச் சொல்வார். மூச்சு முட்டுகிறது என்று சொன்ன ஒரு பெரியவரோடு சேர்ந்து தானும் மூச்சை இழுத்து இழுத்து விட்டிருக்கிறார், இருபது நிமிடம். ஒரு அம்மாள் நாற்பது நிமிடம் அவரையும், நிறுவனத்தையும், லிஃப்டைக் கண்டுபிடித்தவனையும் வாயார வைதாள். "சொல்லுங்கம்மா, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வைகிற வரைக்கும் மயக்கம் போட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் பேச்சே இருக்காது. செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஊராருக்கெல்லாம் வாரிக் குடுத்துட்டு வீட்டுக்கு வெறுங்கையோட வர்றாரு பாரு உங்கப்பா," என்பாள் மனைவி, மகளிடம். கோபமில்லாத புகார் அது. ஒரு மணி நேரம் கழித்து அவரே எழுந்து வந்து, மகளிடம் அன்று மாட்டிக்கொண்டவர்களின் கதையைச் சொல்லுவார்.

அப்படி இருந்தவரைத்தான் ஒரு வியாழக்கிழமை, மற்ற ஐம்பது பேரோடு சேர்த்து, கூட்ட அறையில் உட்காரவைத்து ஆளுமை வகைச் சோதனை எழுதச் சொன்னார்கள். வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம், ஒரு பேனா, தொண்ணூறு கேள்விகள்.

"இதுல சரி தப்புன்னு எதுவுமே கிடையாது. யோசிக்காதீங்க. மனசுல முதல்ல என்ன படுதோ அதை அப்படியே போடுங்க," என்றார் பயிற்சியாளர்.

அதை அவர் அப்படியே நம்பினார். வேலை முடிந்ததும் ஆட்களோடு இருக்கப் பிடிக்குமா, தனியாக இருக்கப் பிடிக்குமா? தனியாக. முன்பின் தெரியாதவர்களிடம் நீங்களாகப் பேச்சைத் தொடங்குவீர்களா? இல்லை, அவர்கள்தானே கூப்பிடுகிறார்கள். நாற்பத்தொன்றாவது கேள்வி: தொலைபேசி மணி அடித்தால் உங்கள் மனம் பதறுமா? ஆம் என்று போட்டார். பதறாமல்? மணி அடித்தால் எங்கோ ஒருத்தர் நாலடிப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறார் என்று அர்த்தம். பதறாதவன் அந்த நாற்காலியில் எதற்கு உட்கார வேண்டும்?

சரி தப்பு இல்லாத பரீட்சையில் தோற்றுப்போன ஆள் அவர் ஒருவர்தான்.

மறுவாரம் எல்லோருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வட்டம் கொடுத்தார்கள். சிவப்பு முடிவெடுப்பவர்கள், மஞ்சள் மனிதர்களோடு பழகுகிறவர்கள், பச்சை விட்டுக்கொடுக்கிறவர்கள், நீலம் பொருட்களோடும் தனிமையோடும் ஒத்துப்போகிறவர்கள். மெக்கானிக்குகளுக்கு ஒரு வாரத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நீ என்னண்ணே?"

"பச்சை."

"அப்ப வீட்டுல அண்ணி சிவப்புன்னு எழுதாமலே தெரியுதே!"

"நீ மட்டும் என்னவாம்?"

"எனக்கு மஞ்சள். மருந்து சாப்பிடணுமான்னு பயிற்சி குடுத்தவர்கிட்ட கேட்டேன், முறைச்சுட்டுப் போறாரு."

அவருக்கு நீலம். அவரும் சிரித்தார். வட்டத்தைக் குத்திக்கொண்டு போய்த் தொலைபேசி அறையில் உட்கார்ந்தார். பத்து நாள் கழித்து மனிதவள மேலாளர் கூப்பிட்டு அனுப்பினாள். சின்ன வயது, மரியாதை தெரிந்த பெண்.

"சார், உங்களுக்கு நல்ல செய்தி. இத்தனை வருஷம் உங்களுக்குப் பொருந்தாத இடத்துல உங்களை வச்சிருந்திருக்கோம். எங்க தப்புதான். கீழ உதிரிபாகக் கிடங்கு இருக்கில்ல, அதை முழுசா நீங்களே பார்த்துக்கங்க. யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"எனக்கு யாரும் தொந்தரவு பண்ணலையே மேடம்."

"மணி அடிச்சா மனசு பதறுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க சார்."

மாட்டிக்கொண்டவர்களிடம் பேச அவருக்குத் தெரியும். தான் மாட்டிக்கொண்டால் என்ன பேசுவது என்று பழக்கமில்லை.

மனைவியின் தம்பி ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தவர், அலுவலகத்தில் கொடுத்திருந்த அந்தச் சோதனையின் கையேட்டையும் மதிப்பெண் தாளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அத்தானைப் பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு படிக்கறேன், சரியான்னு சொல்லு," என்றார். "'வெளியில் உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில சமயம் தயங்குவீர்கள். மற்றவர்கள் உங்களை முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றும். நியாயமில்லாததைக் கண்டால் பொறுக்க மாட்டீர்கள்.'"

"அட, பக்கத்துல இருந்து பார்த்த மாதிரியில்ல எழுதியிருக்கான்!" என்றாள் மனைவி.

"இது நீலமில்லக்கா. சிவப்பு. நம்ம முதலாளிமாருக்கு எழுதினது."

மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்த கடைசி ஞாயிறுகளில் அது ஒன்று.

"பாருங்க அத்தான்," என்று மைத்துனர் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு விளக்கினார். "ஆட்களோட பழகறதைப் பத்தின பகுதியில ஐம்பதுக்கு மேல வந்தா மஞ்சள், கீழ வந்தா நீலம். உங்களுக்கு நாற்பத்தெட்டு. ஜனங்களை உயரம், குள்ளம்னு ரெண்டே வகையாப் பிரிச்சு நடுவுல ஒரு கோடு போட்டா எப்படி? கோட்டுக்கு ஒரு விரக்கடை மேல இருக்கறவனும் ஆறரை அடி ஆளும் ஒண்ணு. ஒரு விரக்கடை கீழ இருக்கறவன் வேற பிறவி. உலகத்துல முக்கால்வாசிப் பேர் அந்தக் கோட்டுப் பக்கத்துலதான் நிக்கறாங்க. அதனாலதான் இந்த மாதிரி வகைப் பரீட்சையை அஞ்சு வாரம் கழிச்சு மறுபடி எழுதவச்சா, பாதிப் பேருக்குக் கிட்ட வகையே மாறிப்போகுது."

"அப்ப எல்லாமே பித்தலாட்டமா?"

"எல்லாம்னு சொல்ல முடியாது. வகை பிரிக்காம, எவ்வளவுன்னு மட்டும் அளந்து சொல்ற சோதனைங்க இருக்கு. அதுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. ஆனா அதுவும் உங்களைப் பத்தி ஏதோ கொஞ்சம்தான் சொல்லும். நாற்காலியைப் பிடுங்கற அளவுக்கு எதுவும் சொல்லாது. இதோ, கடைசிப் பக்கத்துல எறும்பு எழுத்துல அவங்களே போட்டிருக்காங்களே: 'இந்த முடிவுகளைப் பணியிடத் தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது.'"

அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் திங்கட்கிழமை மேலாளரிடம் போனார். மேலாளர் நிதானமாகப் படித்தாள்.

"இது புதுசா ஆள் எடுக்கறதுக்கு சார். உங்களை நாங்க எடுக்கலையே, மாத்தறோம்."

மறுபடி எழுத அனுமதி கேட்டார். ஆறு வாரம் அலைந்து அதை வாங்கினார். அதற்குள் அவரைக் கிடங்குக்கு மாற்றியாகிவிட்டது. இந்தத் தடவை ஐம்பத்தொன்று வந்தது. மஞ்சள். தாளை எடுத்துக்கொண்டு மாடி ஏறி ஓடியவரைப் பார்த்து, அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது என்று காவலாளி கத்தினாராம்.

"முதல்ல எழுதினதுதான் சார் உங்க இயல்பு," என்றாள் மேலாளர். "இது அந்த நாற்காலி வேணும்னு யோசிச்சு எழுதினது."

"யோசிச்சு எழுதினா அது நான் இல்லையா மேடம்?"

மேலாளர் முதல் தாளைக் கோப்பில் வைத்து மூடினாள். இரண்டாவது தாளை அதில் சேர்க்கவில்லை.

தொலைபேசிக்கு வரவேற்பறைப் பெண்ணைப் போட்டிருந்தார்கள். அசல் மஞ்சள், எழுபத்தொன்பது. கலகலவென்று பேசுகிறவள். மூன்றாவது வாரமே கிடங்குக்கு இறங்கி வந்து, போல்ட்டுப் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதாள்.

"அவங்க அழுதா நான் என்ன சார் சொல்லணும்? நான் என்ன சொன்னாலும் ஜாஸ்தியா அழறாங்க."

"எதுவும் சொல்லாத. அவங்களைப் பேச விடு. நீ இருக்கேன்னு தெரியற மாதிரி 'ம்' போட்டா போதும்."

"என்னால சும்மா இருக்க முடியலையே சார். நீங்களே வந்துடுங்க சார், நான் இந்த ஆணி எல்லாம் எண்ணிக்கறேன்."

இருவரும் சேர்ந்து மனு எழுதிக் கொடுத்தார்கள். இடமாற்றத்தை ஏற்றுக்கொள்ளச் சற்றுக் காலம் பிடிக்கும், அது இயல்பே என்று பதில் வந்தது. அந்தப் பெண் வேலையை விட்டுப் போனாள். அவளுடைய இடத்துக்கு ஒரு இயந்திரக் குரலைப் போட்டார்கள். தங்கள் அழைப்பு பதிவு செய்யப்பட்டது என்று அது சொல்லும், பிறகு பாட்டு ஓடும். மெக்கானிக்குகள் போய்ச் சேர எடுத்துக்கொண்ட நேரம் முன்பு எவ்வளவோ இப்போதும் அவ்வளவே என்று ஆண்டறிக்கையில் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். அது உண்மைதான். அவர் சீக்கிரம் கதவைத் திறந்தவர் என்று யாரும் சொன்னதில்லை. உள்ளே இருந்த நேரத்தில் அவர் செய்ததை அளக்க அந்த அலுவலகத்தில் கோல் இல்லை.

இதையெல்லாம் தாங்கியிருக்கலாம். கிடங்கும் மோசமான இடமில்லை. தாங்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. பொய்யென்று சிரித்த அந்தக் கையேட்டை அவர் தனியாகப் படிக்கத் தொடங்கினார். நாள் முழுக்க அடித்தளத்தில் பேச ஆளில்லாமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இப்போது அந்த ஒரு மணி நேரம் கழித்தும் அவர் எழுந்து வரவில்லை. சொல்வதற்குக் கதை ஏதும் இருக்கவில்லை. உறவினர் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், "எனக்குக் கூட்டம் ஒத்துக்காது," என்றார். பக்கத்து வீட்டுக்காரர் இறந்தபோது துக்கம் கேட்க மனைவியை அனுப்பினார். "எனக்கு இதெல்லாம் பேச வராது."

"எப்போலேருந்து வராது?" என்று மனைவி வெடித்தாள். "யாரோ ஒருத்தன் பிஸ்கட்டைக் குடுத்து, நீ இப்படித்தான்னு எழுதிக் குடுத்தா, அப்படியே ஆயிடுவீங்களா?"

"முன்னாடியும் அப்படித்தான் இருந்திருப்பேன். எனக்குத்தான் தெரியல."

மகள் அதற்குள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருந்தாள். ஒரு புதன்கிழமை, அவர் காய்ச்சலுக்கு விடுப்பு எடுத்திருந்த நாள், மத்தியானம் கூப்பிட்டாள்.

"அப்பா."

"சொல்லும்மா."

"அவர் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார்ப்பா. திரும்ப வர மாட்டாராம்."

எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்க வேண்டும். பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பிறகு ஒன்றும் சொல்லாமல் இருக்க வேண்டும். எல்லாம் அவருக்குத் தெரிந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் இது பெற்ற பெண்ணின் வாழ்க்கை. இதில் கை வைக்க, இதற்கென்று பிறந்த ஆள் வேண்டும். தன்னைப் போன்ற ஆள் ஏதாவது சொல்லிக் கெடுத்துவிட்டால்?

"இரும்மா, அம்மாகிட்ட குடுக்கறேன்."

மனைவி மூட்டு வலிக்கு மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தாள். அது அவருக்குத் தெரியும். ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"அம்மா இல்லம்மா. வந்ததும் பேசச் சொல்றேன்." வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து மகள் வந்தாள். வந்த அன்றே கேட்டாள்.

"அன்னைக்கு வீட்டுல உங்களைத் தவிர யாருமே இல்லல்லப்பா?"

"இல்ல."

"நீங்க ஒண்ணும் சொல்லியிருக்க வேண்டாம்ப்பா. சும்மா லைன்ல இருந்திருந்தா போதும்."

"நான் அந்த வகை இல்லம்மா," என்றார். பிறகு, மருத்துவர் சொன்ன வியாதியைச் சொல்கிறவர்போல, நீலம் என்றால் என்ன, அவர்களால் எது முடியும், எது முடியாது என்று பொறுமையாக விளக்கினார். எதற்கெடுத்தாலும் அப்பாவோடு மல்லுக்கட்டுகிற மகள் அன்று முழுவதையும் கேட்டுக்கொண்டாள். தனக்கு வந்த கஷ்டத்தில் அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. பிறகு வாதாடிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கிடங்கில் கம்பி வடச் சுருள்களுக்கு நடுவே விழுந்து கிடந்தார். பத்தரை மணிக்கு ஒரு மெக்கானிக் பெல்ட் வாங்க இறங்கியபோதுதான் பார்த்திருக்கிறார். நெஞ்சு வலி வந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும், உடனே சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர். செல்பேசி எடுக்காத அந்த அடித்தளக் கிடங்கில் முன்பு ஒரு தொலைபேசி இருந்தது. அவரை அங்கே மாற்றிய வாரமே, அவருடைய வகைக்கு அது இடைஞ்சல் என்று கழற்றிவிட்டிருந்தார்கள்.