நான்கு விரல் இடைவெளி

காலை ஏழு பத்து. கேட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நுழைந்திருந்த நான்கு விரல்கள். என் மனைவியின் தம்பி, கடலூரில் எங்கள் வீட்டு வாசலில் தன் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெள்ளைக் கார்.

"நாலு வெரலு உள்ள போவுது பாருங்க மாமா. அசிங்கமா இல்ல? ஒரு வெரலுகூட போவக் கூடாது. வண்டி அப்பிடியே தரையோட படுக்கணும்."

சிதம்பரத்தில் அவனுக்குப் பெண் முடிவாகியிருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்திவிட நினைத்தான். எதை வாங்கலாம் என்று கேட்க வந்திருந்தான். நான் பத்திரிகையில் வேலை பார்த்தவன், படித்துப் பார்த்துச் சரியாகச் சொல்வேன் என்பது அவன் கணக்கு.

தை மாதம் அண்ணாகிராமத்துக்குப் பக்கத்தில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போனபோது, இதே காரில் எனக்கு இடம் இருக்கவில்லை. அந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை நான். என் கார் அன்று ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. மச்சான் காரின் முன் சீட்டில் அவனுடைய கம்பெனி நண்பன் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, நீங்க குட்டியானையில வந்துடுங்க. பாத்தரம், ரெண்டு ஆடு, எல்லாத்தையும் பாத்துக்க ஆள் வேணும்ல" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பத்திரிகைக்காரரு சும்மா வர மாட்டாரு. ஆட்டுக்கிட்ட பேட்டி எடுத்துக்கிட்டே வருவாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். என் மாமியார் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சின்ன லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் சமையல்காரர் ஏறிவிட்டதால், நான் பின்னால் நின்று அண்டாவைப் பிடித்துக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் ஒரு ஆடு என் வேட்டியை மோந்துகொண்டே வந்தது.

ஆகவே ஸ்பிரிங் விஷயத்தை நான் கவனமாகவே படித்தேன். அவன் பார்த்து வைத்திருந்தவை இரண்டு வகை. முதலாவது வண்டியை ஒரு அங்குலம் இறக்கும். கம்பி விறைப்பானது, ஆள் நிறைய ஏறினாலும் தாங்கும். இரண்டாவது இரண்டு அங்குலத்துக்கு மேல் இறக்கும். ஆனால் கம்பியில் அதற்கேற்ற விறைப்பு இல்லை. ஓட்டுகிறவன் மட்டும் இருந்தால் அழகாக ஓடும், பின் சீட்டும் டிக்கியும் நிறைந்தால் வண்டியின் வயிறு ரோட்டைத் தொடும்.

திருப்பாதிரிப்புலியூர் கடையில் இரண்டையும் மேஜைமேல் வைத்தார்கள்.

"ஒரு வெரலுகூட நுழையாம நிக்கிறது எது?" என்று நான்தான் கேட்டேன்.

கடைக்காரர் இரண்டாவதைத் தொட்டார். "ஆனா சார், ஃபேமிலியோட ஏறுனா..."

"ஏறட்டுமேண்ணே" என்றான் மச்சான். "நாங்க என்ன நெல்லு மூட்டையா ஏத்தப் போறோம்? என்ன மாமா?"

சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தது: நிச்சயதார்த்தத் தட்டுகளை யார் காரில் ஏற்றப் போகிறாய்? எங்கள் வழக்கத்தில் சீர் தட்டுகள் மாப்பிள்ளையின் வண்டியில்தான் போகும். வீட்டு விளக்கின் முன் தூக்கிய தட்டைப் பெண் வீட்டுக் கூடத்தில்தான் இறக்க வேண்டும். நடுவழியில் தரையில் வைக்கக் கூடாது. இது அவனுக்கும் தெரியும். அவன் காரை எப்போதும் காலியாகவே நினைத்துப் பார்த்தான், அவ்வளவுதான்.

"நீ கேட்டது இதுதான மச்சான்" என்றேன்.

இரண்டாவதையே மாட்டிக்கொண்டான். குடிகாட்டில் இருக்கும் கம்பெனிக்கு அந்தக் காரில் தினமும் தனியாகப் போய்வந்தான். வண்டி படுத்த மாதிரி நிற்பதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். நன்றாகவே இருந்தது. அப்படியே பதிலும் போட்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று முன் சீட்டில் மாமியார். பின்னால் என் மனைவி, அவளுடைய பெரியம்மா, சித்தி. நால்வர் மடியிலும் தட்டு. டிக்கியில் தேங்காய், வாழைத்தார், இரண்டு பலாப்பழம். நான் என் காரில் தனியாகப் பின்னால் போனேன். பைபாஸில் ஒன்றும் ஆகவில்லை. சிதம்பரத்தில் பெண் வீட்டுத் தெருமுனையில், தெருக்காரர்களே சிமென்ட் பூசிக் கட்டிய வேகத்தடை ஒன்று இருந்தது. முன் சக்கரம் ஏறி இறங்கியது. பிறகு தகரத்தைப் பிய்ப்பது போன்ற சத்தம். வண்டி நின்றுவிட்டது.

மச்சான் பட்டு வேட்டியோடு ரோட்டில் முட்டிபோட்டு அடியில் பார்த்தான். பெண் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் இந்தப் பக்கம் பார்த்தார்கள். "எறங்குங்கம்மா, வெயிட்டு கொறையட்டும்" என்றான். "தட்ட எங்கடா வைப்பேன், உன் தலையிலயா?" என்றார் மாமியார்.

நான் கண்ணாடியை இறக்கினேன். "எங்கிட்ட ஏத்து மச்சான். எனக்குப் பழக்கம்தான்."

அவன் என்னைப் பார்த்தான். தாயின் கையிலிருந்த தட்டை வாங்கி என் முன் சீட்டில் வைத்தான். காதோரம் சிவந்திருந்தது. நான் அதை அவசரமில்லாமல் பார்த்தேன். மாமியாரும் பெரியம்மாவும் சித்தியும் மற்றத் தட்டுகளோடு என் பின் சீட்டில் ஏறினார்கள். பெண் வீட்டார் முதல் ஆரத்தியை என் காருக்குச் சுற்றினார்கள். மாப்பிள்ளை, வேகத்தடையைத் தாண்டக் காரைத் தள்ளிவிட்ட கைகளைத் துடைத்துக்கொண்டு நடந்து வந்தான்.

என் மனைவி மட்டும் தட்டை ஏந்தியபடி அவனோடு நடந்தே வந்தாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தபோது, "கடைக்கு நீங்கதான கூட போனீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அன்னிக்கு எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான போனீங்க?"

"ஆமா."

அவள் இலையை மூடினாள்.

சாயங்காலம் கடலூருக்கு அவள் தம்பியின் காரில் திரும்பினாள்.